துணை வேட்பாளரால் அதிபர் தேர்தலை வெல்ல முடியுமா?



2024 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு வெளியான மறுநாள், என் கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் என் முன்னாள் மாணவன். 2020-ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். அப்போது நான்காம் படிவத்தில் பயின்றுகொண்டிருந்தான்.

"வணக்கம் ஐயா. அன்றைக்குக் கமலா ஹாரிஸ் கூட நின்றதால்தான் பைடன் ஜெயித்தார் என்று எங்களுக்குச் சொன்னீர்கள். இப்போது அவரே நின்றும் தோற்றுவிட்டாரே, எப்படி ஐயா?"

படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கமும் வந்தது. ஏனெனில், அவன் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்!

2020 நவம்பரில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டு, இயங்கலையில் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பைடன் வென்றார் என்ற செய்தி வந்த வாரத்தில், சிறு சிறு சதுரங்களுக்குள் தெரிந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து, "நம் தமிழ்ப் பெண் ஒருவரின் துணையால் அமெரிக்க அதிபர் தேர்தலே வெல்லப்பட்டது" என்று பெருமிதத்தோடு பேசினேன். அதையே கட்டுரைத் தலைப்பாகவும் கொடுத்தேன். முப்பது பிள்ளைகள் அதை எழுதினார்கள். முப்பது கட்டுரைகளுக்கும் நான் சிவப்பு மையில் பாராட்டு எழுதினேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவன் கேள்வி கேட்கிறான் என்றால், ஆசிரியர் மழுப்பலாமா? அவனுக்கு இரண்டு வரியில் எழுதிய விடையை இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் முறையைப் புரிந்துகொள்வோம்

நம் நாட்டில் நாம் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மட்டுமே வாக்களிக்கிறோம். துணைப் பிரதமர் யார் என்பதைப் பிரதமர் பின்னர் முடிவு செய்கிறார். அமெரிக்காவில் அப்படியன்று. அதிபர் வேட்பாளர், தேர்தலுக்கு முன்பே ஒருவரைத் துணை அதிபர் வேட்பாளராகத் தம்மோடு இணைத்துக்கொள்கிறார். வாக்குச் சீட்டில் இருவர் பெயரும் ஒரே இணையாக இருக்கும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவருக்கு மட்டும் வாக்களிக்க இயலாது.

தொடக்கத்தில் இந்த முறை இருக்கவில்லை. அதிக வாக்குப் பெற்றவர் அதிபர். அவருக்கு அடுத்து வந்தவர் துணை அதிபர். இதனால் 1796-இல் ஜான் ஆடம்சு அதிபராக, அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெபர்சனே துணை அதிபரானார். 1800-ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஜெபர்சனும் அவருடைய கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றுவிட்டார்கள். மக்களவை 36 முறை வாக்கெடுத்த பிறகே ஜெபர்சன் அதிபரானார். இந்தக் குழப்பத்திற்குப் பின்னர்தான் 1804-இல் அரசியலமைப்பின் 12-ஆவது திருத்தம் வந்தது. அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்கு எண்ணப்பட்டது. இருவரும் இணையாக நிற்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அங்கு அதிபரை முடிவு செய்பவை மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள். இன்று மொத்தம் 538. வெற்றிக்கு 270 வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் போய்ச் சேரும். ஆகவே, "இன்னாரைத் துணைக்குச் சேர்த்தால் இந்த மாநிலம் கிடைக்கும், இந்தச் சமூகத்தின் வாக்கு கிடைக்கும்" என்று கணக்குப் போடும் ஆசை ஒவ்வொரு வேட்பாளருக்கும் எழுகிறது. அந்தக் கணக்கு பலித்திருக்கிறதா?

சொந்த மாநிலம் கைகொடுக்குமா?

பலித்தது என்பதற்கு எல்லாரும் காட்டும் சான்று 1960-ஆம் ஆண்டுத் தேர்தல். வடக்கே மாசசூசெட்சைச் சேர்ந்த கத்தோலிக்கரான ஜான் கென்னடி, தெற்கே டெக்சாசைச் சேர்ந்த லிண்டன் ஜான்சனைத் துணைக்கு அழைத்தார். டெக்சாசின் 24 வாக்குகள் கென்னடிக்குக் கிடைத்தன. நாடு முழுவதும் ஏறக்குறைய 68 மில்லியன் பேர் வாக்களித்த அத்தேர்தலில் கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையிலான வேறுபாடு 120,000-க்கும் குறைவு. ஆகவே ஜான்சன் உதவினார் என்பதை மறுக்க முடியாது.

ஆனால், கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். கென்னடி பெற்றவை 303 தேர்வாளர் வாக்குகள். டெக்சாசின் 24-ஐக் கழித்தாலும் 279 மிஞ்சும். அன்று வெற்றிக்குத் தேவைப்பட்டவை 269 மட்டுமே! வேறு தென்மாநிலங்களையும் ஜான்சன்தான் காப்பாற்றினார் என்று வாதிடலாம். டெக்சாசு ஒன்றே வெற்றியைத் தந்தது என்று சொல்ல இயலாது. மிகச் சிறந்த சான்றின் நிலையே இதுதான்.

மற்றவற்றையும் பார்ப்போம். 1988-இல் மைக்கேல் டுக்காக்கிசு, டெக்சாசின் செல்வாக்குமிக்க செனட்டர் லாயிட் பென்ட்சனைத் துணைக்குச் சேர்த்தார். எதிரே நின்ற மூத்த புஷ்ஷும் அரசியலில் டெக்சாசுக்காரர்தான். தேர்தல் நாளன்று டெக்சாசு மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே நாளில் பென்ட்சனை மீண்டும் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், அதிபர் தேர்தலில் அவர் பெயர் இருந்த இணையைத் தோற்கடித்தார்கள். "உன்னைப் பிடிக்கும், ஆனால் உன்னை அழைத்து வந்தவர் எங்களுக்கு வேண்டாம்" என்பதாகத்தான் அந்தத் தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன்.

2004-இல் ஜான் கெர்ரி, வட கரோலைனாவின் ஜான் எட்வர்ட்சைத் தெரிவு செய்தார். வட கரோலைனா கிடைக்கவில்லை. 2012-இல் மிட் ராம்னி, விஸ்கான்சினின் பால் ரயனைத் தெரிவு செய்தார், விஸ்கான்சின் கிடைக்கவில்லை. 2024-இல் கமலா ஹாரிஸ், மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்சைத் தெரிவு செய்தார், மின்னசோட்டா கிடைத்தது. ஆனால், அம்மாநிலம் 1976 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சியின் பக்கமே நின்றிருக்கிறது.

இவற்றையெல்லாம் விஞ்சிய ஒன்று உண்டு. எட்டு ஆண்டுகள் துணை அதிபராக இருந்த அல் கோர், 2000-ஆம் ஆண்டில் அதிபர் பதவிக்கே போட்டியிட்டபோது தம் சொந்த மாநிலமான டென்னசியை இழந்தார். அதன் 11 வாக்குகள் கிடைத்திருந்தால் அவரே அதிபராகியிருப்பார். முதலிடத்தில் நிற்பவருக்கே சொந்த ஊர் உறுதியில்லாதபோது, இரண்டாம் இடத்தில் நிற்பவர் எதை உறுதியாகக் கொண்டுவர முடியும்?

இனமும் பாலினமும் வாக்காகுமா?

1984-இல் வால்டர் மாண்டேல், ஜெரால்டின் பெராரோவைத் துணை வேட்பாளராக்கினார். பெரிய கட்சி ஒன்றின் சார்பில் அவ்விடத்திற்கு நின்ற முதல் பெண்மணி அவர். பெண்கள் திரண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ரேகன் 49 மாநிலங்களை வென்றார்.

இனி, நான் தவறிய இடத்திற்கு வருகிறேன்.

பைடன் 2020 ஆகஸ்ட்டு 11-ஆம் நாள் கமலா ஹாரிசைத் தெரிவு செய்தார். கமலாவின் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக் குடும்பத்தில் பிறந்து, 19-ஆம் வயதில் கலிபோர்னியாவுக்குப் படிக்கச் சென்று, மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக உயர்ந்தவர். கமலா தம் ஏற்புரையில் 'சித்தி' என்ற சொல்லை உலகமே கேட்கும்படி உச்சரித்தபோது, தமிழாசிரியனாகிய எனக்குக் கண்கள் கலங்கின. திருவாரூர் மாவட்டத்தில் அவர் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகைகள் எழுந்தன. கோவிலில் சிறப்புப் பூசைகள் நடந்தன. அந்த மகிழ்ச்சியில் பிழையில்லை. ஆனால், மகிழ்ச்சி வேறு, காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பாடமாக நடத்தியதுதான் என் பிழை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டவை எவை? கமலாவின் தந்தையார் ஜமைக்காவைச் சேர்ந்தவர். கமலா அமெரிக்காவில் கறுப்பினப் பெண்மணியாகவே அரசியலில் வளர்ந்தவர். அவர் செனட்டராக இருந்த கலிபோர்னியா, யாரை நிறுத்தியிருந்தாலும் பைடனுக்குத்தான் வாக்களித்திருக்கும். பைடன் வென்றவை 306 தேர்வாளர் வாக்குகள். அவற்றுள் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் அவருடைய முன்னிலையைக் கூட்டினால் 43,000 வாக்குகள்கூட வரா. இத்தனை சிறிய இடைவெளியில் யார் வேண்டுமானாலும் "என்னால்தான் வெற்றி" என்று உரிமை கோரலாம். நோய்த்தொற்றுக் காலத்தில் அஞ்சலில் வாக்களித்தவர்கள் கோரலாம். வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்கள் கோரலாம். தமிழர்களாகிய நாம் மட்டும் எழுந்து நின்று உரிமை கோருவது எந்த வகையில் நியாயம்?

கமலாவால் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட முதல் 24 மணி நேரத்தில் 26 மில்லியன் டாலர் நன்கொடை திரண்டது. தொண்டர்களுக்கு ஊக்கம் பிறந்தது. ஆனால், மக்கள் வாக்குச் சாவடியில் கேட்டுக்கொண்ட கேள்வி பைடனா, டிரம்பா என்பதே. 2024 சூலையில் பைடன் விலகிக் கமலாவே முதலிடத்திற்கு வந்தபோது, தேர்தலுக்கு 107 நாள்களே இருந்தன. விலைவாசியும், அவர் பங்குபெற்ற ஆட்சியின் மீதிருந்த மனக்குறையும் அவரை எதிர்கொண்டன. 226-க்கு 312 என்று தோற்றார். அவர் பின்னணி 2020-இல் வெற்றிக்குக் காரணமென்றால், 2024-இல் தோல்விக்கும் அதுவே காரணம் என்று சொல்ல வேண்டிவரும். ஒரே காரணத்திற்கு இரண்டு எதிரெதிர் விளைவா? என் மாணவன் கண்டுபிடித்த முரண்பாடு இதுதான்!

தவறான துணையால் தோல்வி வருமா?

1988-இல் மூத்த புஷ் தெரிவு செய்த டான் குவேல் நாடு முழுவதும் நகைப்புக்கு ஆளானார். துணை வேட்பாளர்களுக்கிடையிலான விவாதத்தில், தம்மைக் கென்னடியோடு ஒப்பிட்டுக்கொண்ட அவரைப் பென்ட்சன் ஒரே பதிலில் வாயடைக்கச் செய்தார். அந்தக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆனால், புஷ் 40 மாநிலங்களில் வென்றார். விவாதத்தில் வென்றவர் தேர்தலில் தோற்ற அணியில் இருந்தார்.

2008-இல் ஜான் மெக்கெய்ன், தம் 72-ஆவது பிறந்த நாளன்று சாரா பேலினை அறிவித்தார். அலாஸ்காவின் ஆளுநராகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையாதவர் அவர். முதலில் தொண்டர்களிடையே பெரும் உற்சாகம் எழுந்தது. பின்னர்த் தொலைக்காட்சி நேர்காணல்களில் அவர் தடுமாறியதும் ஐயம் எழுந்தது. செப்டம்பரில் பொருளாதாரமே சரிந்தது. அந்த ஆண்டு குடியரசுக் கட்சியில் யார் துணையாக நின்றிருந்தாலும் வெற்றி கடினமே. பேலினைத் தெரிவு செய்ததற்குப் பதிலாக ஜோ லீபர்மனை அழைத்திருக்கலாம் என்ற வருத்தத்தை, 2018-இல் வெளிவந்த தம் நூலில் மெக்கெய்னே பதிவு செய்திருக்கிறார்.

1972-இல் நடந்தது இன்னும் வேதனையானது. ஜார்ஜ் மெக்கவர்னின் துணை வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், முன்பு மனச்சோர்வு நோய்க்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது வெளியே தெரிந்தது. மெக்கவர்ன் முதலில் அவரை முழுமையாக ஆதரிப்பதாக அறிவித்தார். சில நாள்களிலேயே கைவிட்டார். 18 நாள்களில் ஈகிள்டன் விலகினார். அந்தத் தேர்தலில் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். இத்தனை பெரிய தோல்விக்கு ஈகிள்டன் மட்டுமே காரணமாக முடியாது. ஆனால், மக்கள் அங்கே கண்டது ஈகிள்டனின் நோயையன்று, மெக்கவர்னின் தடுமாற்றத்தை!

துணை வேட்பாளர் ஒரு கண்ணாடி

இதில்தான் விடை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். துணை வேட்பாளர் தம் சட்டைப்பையில் வாக்குகளைக் கொண்டுவருபவர் அல்லர். தம்மைத் தெரிவு செய்தவரின் முகத்தைக் காட்டும் கண்ணாடி அவர். கிறிஸ்டோபர் டிவைன், கைல் காப்கோ என்ற இரண்டு அமெரிக்க அரசியல் அறிஞர்களும் இந்தப் பொருளை நெடுங்காலம் ஆராய்ந்து, ஏறக்குறைய இதே முடிவைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நேரடியாக வாக்குச் சேர்ப்பது சிறிது. அதிபர் வேட்பாளரின் மதிநுட்பத்தை மக்கள் எடைபோடுவதற்கு உதவுவதே பெரிது.

அதிபர் வேட்பாளர் தேர்தலுக்கு முன் நாட்டுக்காக எடுக்கும் முதல் பெரிய முடிவு இது. அதை அவசரத்தில் எடுத்தாரா, ஆராய்ந்து எடுத்தாரா என்று மக்கள் பார்க்கிறார்கள். அதனால்தான் 2000-ஆம் ஆண்டில் இளைய புஷ், மூன்றே தேர்வாளர் வாக்குகள் கொண்ட வயோமிங் மாநிலத்தின் டிக் செனியைச் சேர்த்தபோது வாக்குக் கணக்கு எவருக்கும் தோன்றவில்லை. அனுபவம் குறைந்தவர் அனுபவசாலி ஒருவரை அருகில் வைத்துக்கொள்கிறார் என்றே தோன்றியது.

உண்மையான எடை தேர்தலுக்குப் பின்

இதுவரை சொன்னது தேர்தல் கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு.

இதுவரை 9 துணை அதிபர்கள், அதிபரின் இறப்பாலோ பதவி விலகலாலோ இடையில் அதிபராகியிருக்கிறார்கள். 1864-இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆபிரகாம் லிங்கனோடு எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரும் தெற்கு மாநிலத்தவருமான ஆண்ட்ரூ ஜான்சன் துணை வேட்பாளராக நிறுத்தப்பட்டார். எல்லாத் தரப்பு வாக்கும் வேண்டும் என்பதே நோக்கம். லிங்கன் 212-க்கு 21 என்று வென்றார். ஜான்சனின் டென்னசி மாநிலத்து வாக்குகள் அந்தத் தேர்தலில் எண்ணிக்கையில் சேர்க்கப்படவே இல்லை! இரண்டாம் முறை பதவியேற்ற ஆறே வாரங்களில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிபரான ஜான்சன், அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த கறுப்பின மக்களுக்குக் குடியுரிமைகள் வழங்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் அதிகாரத்தால் தடுக்க முயன்றார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. தேவைப்படாத வாக்குகளுக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவருக்காக, எந்த வாக்கும் இல்லாத ஏழை மக்கள் விலை கொடுத்தார்கள்.

1945 ஏப்பிரலில் ரூசுவெல்ட்டு மறைந்தபோது, ஹாரி ட்ரூமன் துணை அதிபராகி 82 நாள்களே ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமும் அவருக்குச் சொல்லப்பட்டதே அதிபரான பின்னர்தான். நான்கு மாதங்களுக்குள் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுகள் விழுந்தன, சப்பான் சரணடைந்தது. மலாயாவில் சப்பானியர் ஆட்சியில் வாடிய நம் தாத்தா பாட்டிமாரின் துயர நாள்களும், சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த குடும்பங்களின் காத்திருப்பும் அந்த ஆண்டோடுதான் ஒரு முடிவுக்கு வந்தன. அமெரிக்க மக்கள் 'அதிபர்' என்று எண்ணி வாக்களிக்காத ஒருவர் எடுத்த முடிவு, உலகின் மறுகோடியிலிருந்த தோட்டப்புறம்வரை எட்டியது.

ஆகவே, துணை வேட்பாளரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "இவர் எத்தனை வாக்குக் கொண்டுவருவார்?" என்பதன்று, "நாளை முதல்வர் விழுந்தால் இவர் சுமப்பாரா?" என்பதே.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! வகுப்புத் தலைவர் தேர்வு முதல் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தல்வரை நாமும் இதே தவற்றைச் செய்கிறோம். துணைத் தலைவர் பதவி என்றதும், "அந்தத் தாமானில் இருப்பவர்களின் ஆதரவு கிடைக்கும்", "அவர் மனம் கோணக்கூடாது" என்றெல்லாம் பார்த்து ஒருவரை நிறுத்துகிறோம். தலைவர் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போகும் நாளில்தான், பொறுப்பை யாரிடம் கொடுத்தோம் என்று விழிக்கிறோம்.

இன்னொன்று. நம்மவர் ஒருவர் உயர்ந்தால் பெருமைப்படுவோம், பிள்ளைகளுக்கும் சொல்வோம். ஆனால், பெருமையைச் சான்றாக மாற்றிச் சொல்ல வேண்டாம். சியாமளா கோபாலன் என்ற இளம்பெண் 1958-இல் தனியே கடல் கடந்து படித்து ஆய்வாளரான செய்தி ஒன்றே பிள்ளைகளுக்குப் போதுமான பாடம். அதன் மேல் நான் ஒரு தேர்தல் வெற்றியை ஒட்டவைத்திருக்க வேண்டியதில்லை. ஒட்டவைத்தது 2024-இல் கழன்று விழுந்தபோது, ஒரு மாணவனின் மனத்தில் பெருமையும் சேர்ந்தல்லவா ஆட்டம் கண்டது?

அவனுக்கு நான் அனுப்பிய விடை இதுதான்: "தம்பி, அன்று நான் சொன்னது தவறு. மக்கள் முதல் பெயரைப் பார்த்துத்தான் வாக்களிக்கிறார்கள். இரண்டாம் பெயர், முதல் பெயருக்குரியவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டுகிறது. கேட்டதற்கு நன்றி."

சற்று நேரத்தில் பதில் வந்தது. "பரவாயில்லை ஐயா. ஆனால் அந்தக் கட்டுரைக்கு நீங்கள் போட்ட புள்ளியைத் திரும்பக் கேட்காதீர்கள்!"

கேட்கமாட்டேன். புள்ளி குறைய வேண்டியது எனக்குத்தான்.